முதுகில் இருப்பதைப் படியுங்கள்

(திருச்சியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேசைமேல் துணி போட்டு மூடியிருக்கும் சாமான் என்ன என்று வந்ததிலிருந்து பலரும் கேட்டுவிட்டீர்கள். எடுத்துவிடுகிறேன். டிரான்ஸ்பார்மர். தமிழில் மின்மாற்றி. தெருமுனைக் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு மழை வந்தால் வெடிக்கிறதே, அதே இனம். இது வீட்டுக்குள் வைக்கிற குட்டி. குட்டி என்று சொல்லிவிட்டேனே தவிர, ஆட்டோவிலிருந்து இறக்கி இதை மாடிக்குக் கொண்டுவருவதற்குள் நம் செயலாளர் தம்பி இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

நான் பாலக்கரைப் பக்கம் 34 வருடம் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். மோட்டார், ஃபேன், ஸ்டெபிலைசர், எது எரிந்து வந்தாலும் பிரித்துப் பழைய கம்பியை உருவிப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். மேடையில் பேசிப் பழக்கமில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவேன்.

சென்ற வருடம் எங்கள் தெருவில் நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மகள் நியூ ஜெர்சியில். அம்மா நின்றுகொண்டே சமைக்கிறாளே என்று, ஊருக்கு வரும்போது ஒரு மின்சார பிரஷர் குக்கரைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தாள். பிளக்குக்குத் தட்டைக் கால்கள். நம் ஓட்டையில் நுழையவில்லை. கடைத்தெருவில் ஒரு மாற்றுப் பிளக் வாங்கி வந்தார்கள். நுழைந்தது. அரிசியைக் களைந்து போட்டு சுவிட்சைத் தட்டினார்கள். டப் என்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். அரிசி நனைந்தது நனைந்தபடியே கிடந்தது. குக்கரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த ஆசிரியை கேட்டார்: “அண்ணே, பிளக்கு சரியாத்தானே பொருந்துச்சு?”

அடியைத் திருப்பினேன். ஒரு வெள்ளி நிற ஸ்டிக்கர். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே நீல நிற வில்லை ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. வேரிஸ்டர் என்பார்கள். மின்னழுத்தம் எல்லை மீறினால் தான் வெடித்து, ஃப்யூஸைப் போக வைத்து, மற்றதைக் காப்பாற்றும் காவல்காரன். இரண்டையும் மாற்றியதும் குக்கர் பிழைத்துக்கொண்டது. அந்தக் காவல்காரன் இல்லாத சாமானாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வோல்டேஜ் இரண்டு மடங்கானால் ஹீட்டரின் சூடும் இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, நான்கு மடங்கு. அழுத்தம் கூடினால் கரண்டும் அதே அளவு கூடும், இரண்டும் பெருகிக்கொள்ளும். 120 வோல்ட்டில் 1000 வாட் எடுக்கும் ஹீட்டரின் மின்தடை 14.4 ஓம். அதை நம் 230-இல் சொருகினால் 3,670 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வந்த சோறு வடிக்கும் குக்கர் என்றால் நம் வீட்டில் ஐந்து மடங்குக்கும் மேல். இதற்காகச் செய்த கம்பி அல்ல அது. தலைகீழாக, நம் ஊர் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை அமெரிக்காவில் சொருகினால் 270 வாட்தான் எடுக்கும். கெடாது, துணியும் மடிப்பு விடாது.

ஆக, பிளக் பொருந்துவது வேறு, மின்சாரம் பொருந்துவது வேறு. அந்த மாற்றுப் பிளக் கால்களின் வடிவத்தை மட்டும்தான் மாற்றுகிறது. உள்ளே ஓடுவதைத் தொடுவதே இல்லை.

உலகம் முழுக்க ஒரே வோல்டேஜ் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். 1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கில் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின் நிலையத்தை ஓட்டினார். நேர்மின்சாரம், 110 வோல்ட். அவருடைய கரி இழை பல்புக்கு 100-ஐ ஒட்டிய அழுத்தம் ஒத்துவந்தது, கம்பியில் போகும் வழியில் குறைவதற்காகப் பத்து சேர்த்தார்கள் என்று தொழிலில் சொல்வது வழக்கம். அந்த 110 வளர்ந்துதான் இன்றைய அமெரிக்காவின் 120. ஐரோப்பாவும் அதே 110-ஐ ஒட்டித்தான் ஆரம்பித்தது. பெர்லின் நகர மின் நிறுவனம் 1899 வாக்கில் 220-க்கு மாறியது. அழுத்தத்தை இரட்டித்தால் அதே மின்சக்திக்குப் பாதி கரண்ட் போதும். கம்பியில் வீணாகும் சூடு கால்வாசி ஆகிவிடும். செம்பு மிச்சம். மற்ற ஊர்களும் அந்த வழியில் போயின. அமெரிக்காவில் அதற்குள் வீட்டுக்கு வீடு 110 வோல்ட் சாமான் சேர்ந்துவிட்டது. அதை யார் மாற்றுவது? நாம் வெள்ளைக்காரன் போட்ட 240-இல் தொடங்கி இப்போது 230 என்று எழுதிக்கொள்கிறோம். சுவிட்சுக்குப் பின்னால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. 1890-களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினார்கள். ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கினார்கள். இன்றைக்கும் நாட்டின் கிழக்குப் பாதி 50, மேற்குப் பாதி 60. ஹெர்ட்ஸ் என்ன செய்யும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது பெட்டியைத் திறப்போம். மேல்மூடியைக் கழற்றித்தான் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து வந்து பார்க்கலாம். பிளக் என் சட்டைப்பைக்குள் இருக்கிறது, பயமில்லை.

நடுவில் தெரியும் இரும்பு ஒரே கட்டி அல்ல. அரை மில்லிமீட்டர் தகடுகளை அடுக்கியது. ஆங்கில ஈ, ஐ எழுத்துகளின் வடிவத்தில் வெட்டிய தகடுகள். கடையில் ஸ்டாம்பிங் என்போம். கட்டி இரும்பாக வைத்தால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் ஓடி, அடுப்பில் போட்டதுபோலக் காய்ந்துவிடும். அதனால்தான் தகடு தகடாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் போகாதபடி பூச்சுக் கொடுத்து அடுக்குகிறோம். நடுக்காலில் பாபின். அதன்மேல் செம்புக்கம்பிச் சுருள் இரண்டு. இரண்டுக்கும் நடுவே லெதராய்டு பேப்பர். ஒரு சுருளின் கம்பி மற்றதைத் தொடுவதே இல்லை.

தொடாமல் எப்படி மின்சாரம் தாண்டுகிறது? 1831-இல் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் ஒரு பக்கம் ஒரு சுருளும் மறுபக்கம் இன்னொரு சுருளும் சுற்றினார். முதல் சுருளில் மின்சாரத்தை விடும்போதும் நிறுத்தும்போதும் இரண்டாவது சுருளோடு இணைத்த மீட்டரின் முள் துள்ளியது. ஓடிக்கொண்டே இருந்தபோது துள்ளவில்லை. மாற்றம் இருந்தால்தான் மறுபக்கம் தெரியும். அந்த வளையம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கிறது. எடிசனின் நேர்மின்சாரம் மாறாமல் ஓடுவது. அதை டிரான்ஸ்பார்மரில் விட்டால் சூடு மட்டும்தான் கிடைக்கும். நம் வீட்டு மின்சாரமோ ஒரு வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது; அதுதான் 50 ஹெர்ட்ஸ். மாறிக்கொண்டே இருப்பதால் மறுபக்கம் துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஃபாரடேயின் வளையம் கடைச்சரக்காவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. 1885-இல் புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் மூன்று பொறியாளர்கள், சிப்பர்னோவ்ஸ்கி, பிளாதி, தேரி, இன்று நாம் சுற்றுகிற மாதிரியான ஒன்றைச் செய்தார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் கிரேட் பேரிங்டன் என்ற சிற்றூரில் வில்லியம் ஸ்டான்லி அதே தத்துவத்தில் கடைத்தெருவுக்கு விளக்குப் போட்டுக் காட்டினார்.

கணக்கு மிக எளிது. இந்த நடுக்காலின் குறுக்குப் பரப்பு சுமார் 30 சதுர சென்டிமீட்டர். இவ்வளவு இரும்புக்கு, நம் 50 ஹெர்ட்ஸில், ஒரு வோல்ட்டுக்கு ஒன்றரைச் சுற்று. 230 வோல்ட் பக்கம் 345 சுற்று. 120 வோல்ட் பக்கம் 180 சுற்று. அவ்வளவுதான் ரகசியம். சுமை ஏறும்போது கொஞ்சம் குறையும் என்று அந்தப் பக்கம் ஏழெட்டுச் சுற்று கூடப் போட்டு வைப்போம். அதனால்தான் புதிதாக வாங்கியவர்கள் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, 120 என்று எழுதி 125 காட்டுகிறதே, ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வருவார்கள். ஏமாற்றவில்லை. சுமை இல்லாமல் அளந்திருக்கிறார்கள். குக்கரை மாட்டி ஓடவிட்டு அளந்தால் 120-க்கு இறங்கியிருக்கும்.

கம்பிகளின் தடிமனைப் பாருங்கள். 230 பக்கம் 16 கேஜ், 120 பக்கம் 14 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 1000 வாட் சாமானுக்கு நம் சுவரிலிருந்து நாலரை ஆம்பியர் வந்தால் போதும்; அந்தப் பக்கம் எட்டு ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றுவதுபோல. தாள் எண்ணிக்கை கூடும், தொகை கூடாது. மாற்றித் தருகிறவன் சூடு என்ற பெயரில் கொஞ்சம் கமிஷன் பிடித்துக்கொள்வான். டிரான்ஸ்பார்மர் வைத்தால் கரண்ட் பில் பாதியாகும் என்று ஒருவர் என்னிடம் பந்தயமே கட்டினார். காபி வாங்கிக் கொடுத்தார்.

ஹெர்ட்ஸுக்கு வருகிறேன். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மாற்றும். ஹெர்ட்ஸை மாற்றவே மாற்றாது. 50 உள்ளே போனால் 50-தான் வெளியே வரும். கடையில் விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பலருக்குத் தெரியவும் தெரியாது. அமெரிக்க 60 ஹெர்ட்ஸ் சாமானில் சூடாக்கும் கம்பி மட்டும் இருந்தால் கவலையில்லை, கம்பிக்கு ஹெர்ட்ஸ் தெரியாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டாருக்கும், அதாவது மிக்ஸி, டிரில், பழைய தையல் மெஷின் மோட்டார் ஆகியவற்றுக்கும், பெரிய பாதிப்பில்லை. பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாருக்குத்தான் சிக்கல். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டே ஓடும். ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதோடு வோல்டேஜ் அப்படியே இருந்து ஹெர்ட்ஸ் மட்டும் குறைந்தால் அதன் இரும்பில் காந்தம் 20 சதவீதம் கூடுதலாக ஏற வேண்டியிருக்கும். இரும்பு தாங்காது, மோட்டார் ஓடுவதுபோலத்தான் இருக்கும், ஒரு மாதத்தில் காயில் கருகி என்னிடம் வரும். அமெரிக்க ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் எதையும் டிரான்ஸ்பார்மரை நம்பிக் கப்பலில் ஏற்றாதீர்கள். மைக்ரோவேவுக்குள்ளேயே ஒரு டிரான்ஸ்பார்மர் உண்டு. அது 60-க்குச் சுற்றியது.

ஹெர்ட்ஸைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? ஒருவர் சிகாகோவில் வாங்கிய சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். பேட்டரி இல்லை, மின்சாரத்தின் ஆட்டத்தை எண்ணியே ஓடும் பழைய வகை. டிரான்ஸ்பார்மர் வைத்து மாட்டியிருக்கிறார், நன்றாகத்தான் ஓடியது. ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் காட்டியது. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். கோளாறு கடிகாரத்திலும் இல்லை, டிரான்ஸ்பார்மரிலும் இல்லை. ஊர்தான் வேறு.

நம் ஊர்ச் சாமான் அங்கே போகும் கதையும் உண்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போகாத மாமியார் உண்டா? 150 வாட் மேசை கிரைண்டர்தான். அங்கே 120-ஐ 230 ஆக ஏற்றும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், 300 வி.ஏ., அதாவது வோல்ட்-ஆம்பியர், இருந்தால் ஓடும். ஆனால் அங்கே 60 ஹெர்ட்ஸ். கல் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், இழுவை சற்றுக் குறையும், மாவும் சீக்கிரம் சூடாகும். ஓட்டலாம், தப்பில்லை, உளுந்தை அரைக்கும்போது கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட்டில் செய்த கிரைண்டரைக் கோவைக்காரர்கள் விற்கிறார்கள். அதை வாங்கிக் கொடுப்பது உத்தமம்.

டிரான்ஸ்பார்மர் வேண்டுமா வேண்டாமா என்பதை யார் சொல்வது? சாமானே சொல்கிறது. முதுகைத் திருப்புங்கள். அல்லது சார்ஜரை உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். பொடி எழுத்துதான். இன்புட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சாமான் உலகத்தில் எங்கேயும் ஓடும். செல்போன் சார்ஜர், லேப்டாப், கேமரா, ஷேவர், பெரும்பாலும் எல்லாம் இப்படித்தான். மாற்றுப் பிளக் ஒன்று போதும். இதற்கெல்லாம் பயந்துகொண்டு டிரான்ஸ்பார்மர் வாங்கி, அதன்மேல் லேப்டாப் சார்ஜரைக் குந்தவைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வெறும் 120 என்று மட்டும் இருந்தால்தான் நம் கதை தொடங்குகிறது.

எண்பதுகளில் இந்த வோல்டேஜ் கூத்து இன்னும் நன்றாக இருந்தது என்பேன். அப்போது சவூதியில் வீடுகளில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து ஆள் வந்து இறங்கினால் கையில் ஜப்பான் டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, இருக்கும். அதன் முதுகில் பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. நாலணாக் காசை வைத்துத் திருப்பினால் 110–127-இலிருந்து 220–240-க்கு அம்புக்குறி நகரும். உள்ளே இருந்த டிரான்ஸ்பார்மரில் வேறொரு சுற்றுமுனையைப் பிடித்துக்கொள்ளும். திருப்ப மறந்து சொருகியவர்கள்தான் என் கடையின் முதல் பத்து வருட வருமானம். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பிறகு வந்த கம்ப்யூட்டர்களின் பின்புறத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சுவிட்ச், 115 ஒரு பக்கம், 230 ஒரு பக்கம். அதிலும் இதே கூத்து.

சரி, வாங்குவதென்றே முடிவாகிவிட்டது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். சாமானின் வாட்டைப் பார்த்து, ஹீட்டர் என்றால் கால் பங்கு கூடச் சேர்த்து டிரான்ஸ்பார்மரின் வி.ஏ. அளவு இருக்கட்டும். மோட்டார் என்றால் இரண்டு மடங்குக்குக் குறையாமல். அது கிளம்பும்போது ஓடுவதைப்போலப் பல மடங்கு இழுக்கும். பெட்டிமேல் 1000 என்று அச்சடித்திருந்தாலும் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இரும்பும் செம்பும் இல்லாமல் மின்சக்தி தாண்டாது. செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றி விற்பதும் உண்டு. வெளியே வரும் முனையில் வார்னிஷைச் சுரண்டினால் செம்பு சிவக்கும், அலுமினியம் வெளுக்கும். அலுமினியம் பாவம் இல்லை. அதற்கேற்பத் தடிமனாகச் சுற்றினால் சரிதான். செம்பு விலையை வாங்கிக்கொண்டு அதே தடிமனில் அலுமினியம் சுற்றுவதுதான் அநியாயம்.

உள்ளங்கை அகலத்தில், 1600 வாட் தாங்கும் என்று எழுதி, விமான நிலையக் கடைகளில் ஒரு டப்பா கிடைக்கும். அது டிரான்ஸ்பார்மரே அல்ல. மின்னலையை நறுக்கி நறுக்கி அனுப்பும் எலக்ட்ரானிக் சாதனம். இஸ்திரிப் பெட்டிக்குச் சில நிமிடம் தாக்குப்பிடிக்கும். போர்டு வைத்த சாமானை அதில் மாட்டினால் போர்டு போய்விடும்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் காட்டிய இந்தப் பெட்டியில் இரண்டு தனிச் சுருள். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் ஒரே சுருள்தான் இருக்கும். 345 சுற்று சுற்றி, 180-ஆவது சுற்றில் ஒரு முனையை வெளியே இழுத்துவிடுவார்கள். ஆட்டோ டிரான்ஸ்பார்மர். இரும்பும் செம்பும் கிட்டத்தட்டப் பாதி மிச்சம், விலையும் எடையும் குறைவு. நம் வீட்டு ஸ்டெபிலைசருக்குள் இருப்பதும் இந்த வகைதான். கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு விஷயம். அந்த முனைக்குக் கீழே இருக்கும் 180 சுற்றில் எங்காவது அறுந்தால் மேலே இருக்கும் சுற்றுகள் வழியாகச் சாமானுக்கு முழு 230 வரை ஏறிவிடலாம். இரண்டாவது, சுவரிலிருந்து வரும் கம்பிக்கும் சாமானுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பழைய வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது நம் ஊரில் அதிசயமா? அப்படி இருந்தால் சாமானின் ஒரு கம்பி தரையைப் பொறுத்து 230-இல் நிற்கும். வெளியே 120 என்று எழுதியிருக்கிறதே, பட்டால் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். தொடுகிறவனுக்கு 230 வோல்ட் அடி 230 வோல்ட் அடிதான். பாத்ரூமில், ஈரக்கையில் பயன்படுத்தும் எதற்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வேண்டாம். இரட்டைச் சுருளாக, ஐசொலேஷன் என்று கேட்டு வாங்குங்கள்.

எர்த்தையும் பாருங்கள். சில பெட்டிகளில் வெளியே மூன்று ஓட்டை இருக்கும். திறந்து பார்த்தால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அழகுக்கு வைத்தது. நானே நாலைந்து பார்த்துவிட்டேன். வாங்கும்போதே கடைக்காரரை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை.

வீட்டில் வைத்த பிறகு கவனிக்க ஒன்றிரண்டு விஷயம். சுவிட்ச் போட்டவுடன் சில சமயம் தடக் என்று எம்.சி.பி. விழும். பெட்டி கெட்டுவிடவில்லை, இரும்பில் காந்தம் ஏறும் முதல் கணத்தில் கரண்ட் பாய்வதால் விழுகிறது. அடிக்கடி விழுந்தால் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், தன்னிச்சையாகப் பெரிய எம்.சி.பி. மாட்டாதீர்கள். ம்ம்ம் என்று மெல்லிய முனகல் இருக்கும். இரும்புத் தகடுகள் வினாடிக்கு 100 தடவை சுருங்கி விரிவதால் வருவது. இருக்கட்டும். முனகல் உறுமலானால் தகடு தளர்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் சுவரில் அணைத்துவிடுங்கள். சாமானை மட்டும் அணைத்தால் இந்தப் பெட்டி தன் பாட்டுக்குச் சூடாகிக்கொண்டே இருக்கும். 15 வாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மாதத்தில் 21 யூனிட்டுக்கு மேல். அரசு தரும் 100 யூனிட் இலவசத்தில் ஐந்தில் ஒரு பங்கு சும்மா முனகியே போய்விடும்.

இன்னொன்று, டிரான்ஸ்பார்மர் ஸ்டெபிலைசர் அல்ல. உள்ளே வருவதைப் பங்கு போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான். தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் ராத்திரி 250 வோல்ட் நிற்கும். 120-க்குச் சுற்றியது அப்போது 130 கொடுக்கும். லைனின் கடைசி வீட்டில் மாலையில் 200-க்கு இறங்கும், அங்கே 104. நம் ஊரில் விற்பது பெரும்பாலும் 110 என்று எழுதியது. அமெரிக்கச் சாமானுக்கு அது நல்லதுதான், கொஞ்சம் தாழ்வாக இருப்பது பத்திரம். ஜப்பான் குக்கருக்கு அதே 110 கூடாது. பத்து வோல்ட்தானே என்பீர்கள். சூடு 21 சதவீதம் கூடும். நூறு என்று சொல்லிச் சுற்ற வைக்க வேண்டும். காயில் கட்டும் கடைக்காரனுக்கு அது பெரிய வேலை அல்ல.

என் தீர்ப்பைக் கேட்டால்: சூடாக்கும் சாமானை அங்கிருந்து கொண்டுவரவே கொண்டுவராதீர்கள். அமெரிக்கத் தலைமுடி டிரையரில் 1875 வாட் என்று போட்டிருப்பார்கள். அவர்கள் பிளக்கின் 15 ஆம்பியரை 125 வோல்ட்டால் பெருக்கி வந்த எண். அதற்கு இரண்டரை கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதே வேலையைச் செய்யும் 230 வோல்ட் டிரையர் நம் பெரிய கடைவீதியில் கிடைக்கிறது. டிரான்ஸ்பார்மர் வாங்கத் தகுந்தது, இங்கே கிடைக்காத, மனசு விடாத, பிரஷ் மோட்டார் வைத்த அல்லது கரண்ட் அதிகம் இழுக்காத சாமானுக்கு: மாமியார் கொடுத்த தையல் மெஷின், மாவு பிசையும் கனத்த மிக்ஸர், அப்பா டோக்கியோவில் வாங்கிய பழைய ரேடியோ. ரேடியோவை வெறும் ஐம்பது வி.ஏ. பெட்டியே ஓட்டிவிடும், தீப்பெட்டிக் கட்டு அளவுதான்.

அந்த ஆசிரியையின் குக்கர் என்ன ஆனது என்று கேட்கமாட்டீர்களா? அது ஹீட்டர் சாமான், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மகள் வாங்கித் தந்தது என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? இதோ இந்தப் பெட்டி அவருக்காகச் சுற்றியதுதான். ஒன்றேகால் கே.வி.ஏ., இரட்டைச் சுருள், எர்த் ஒழுங்காக இருக்கிறது. நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போகிறது.

முதுகுத் தகட்டைப் போட்டோ எடுத்து வந்திருப்பவர்கள் மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன். இளைஞர்கள் இரண்டு பேர் மட்டும் கடைசி வரை இருந்துவிட்டுப் போங்கள். இதைக் கீழே இறக்க வேண்டும்.